கம்ப்யூட்டர் நம்மைப் புத்திசாலி ஆக்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஃபீஸ் கட்ட வரும் பெற்றோர், வகுப்பு முடிந்தும் கிளம்பாமல் நிற்கும் பிள்ளைகள், வாட்ஸ்அப்பில் உறவினர்கள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆக்குகிறதா, இல்லையா?

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை நம்மால் செய்ய முடிவது பல மடங்கு கூடுகிறது. இதில் சந்தேகமே வேண்டாம். மூடி வைத்த பிறகும் அந்தத் திறமை நம்மிடம் மிஞ்சுகிறதா என்பது வேறு கேள்வி. பெற்றோர் கேட்க நினைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

வேலையின் கஷ்டமான பகுதியை முதலில் யார் செய்தார்கள் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நாம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்து, அதைக் கம்ப்யூட்டர் சரிபார்த்துத் திருத்தினால் நாம் வளர்கிறோம். கம்ப்யூட்டர் முதலிலேயே விடையைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும், நாம் இருந்த இடத்திலேயே இருப்போம். சில சமயம் இருந்ததிலிருந்து கொஞ்சம் இறங்கியும் விடுவோம். இது வெறும் அபிப்பிராயம் இல்லை. எந்த ஆய்வை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்பது கீழே வருகிறது.

கம்ப்யூட்டர் அறிவை வளர்க்கும் என்று முதலில் சொன்னது யார்? கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனிகளா?

இல்லை. கம்பெனிகள் விளம்பரம் செய்வதற்கு வெகு காலம் முன்பே ஆராய்ச்சியாளர்கள் உண்மையான ஆசையோடு சொன்னது இது. 1957இல் ஜே.சி.ஆர். லிக்லைடர் என்ற அமெரிக்க உளவியலாளர், தான் 'யோசிக்கும்' நேரத்தை எதில் செலவிடுகிறோம் என்று குறித்து வைத்துப் பார்த்தார். தகவல் தேடுவது, கணக்குப் போடுவது, வரைபடம் போடுவது என்று யோசனைக்கான ஏற்பாடுகளிலேயே சுமார் 85 சதவீதம் போயிருந்தது. உண்மையான யோசனைக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். இந்த ஏற்பாட்டு வேலைகளை இயந்திரத்திடம் விட்டால் மனிதன் நன்றாக யோசிக்கலாமே என்பது அவர் எண்ணம்.

1962இல் டக்ளஸ் எங்கல்பார்ட் இதையே ஒரு பெரிய திட்டமாக எழுதினார். மவுஸைக் கண்டுபிடித்தவர் என்று நாம் அறிந்திருக்கும் அதே மனிதர். மனித அறிவைப் பெருக்க நான்கு விஷயங்கள் சேர்ந்து வளர வேண்டும் என்றார்: கருவி, மொழி, வேலை செய்யும் முறை, பயிற்சி. 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் நடத்திக் காட்டிய செயல்விளக்கத்தில் மவுஸ், ஹைபர்லிங்க், வீடியோ மூலம் பேசிக்கொண்டே இரண்டு பேர் ஒரே ஆவணத்தில் வேலை செய்வது எல்லாமே இருந்தன. மவுஸோடு கூட, இடது கைக்கு ஐந்து விசைகள் மட்டுமே கொண்ட ஒரு சின்னப் பலகையும் வைத்திருந்தார். விசைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எல்லா எழுத்தும் வரும். ஆனால் பழகுவதற்கு நாளாகும். உலகம் மவுஸை எடுத்துக்கொண்டது, அந்தப் பலகையை விட்டுவிட்டது.

இந்தக் கதையை நான் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கல்பார்ட் கேட்ட நான்கில் நாம் காசு கொடுத்து வாங்கியது கருவியை மட்டும்தான். முறையும் பயிற்சியும் கடையில் கிடைக்காது. அதனால் அவை வீட்டுக்கு வரவே இல்லை.

ஐக்யூ எல்லா நாட்டிலும் ஏறிவருகிறதாமே? அது கம்ப்யூட்டரால்தானே?

ஏறியது உண்மை, காரணம் கம்ப்யூட்டர் இல்லை. நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் இதை விரிவாகக் காட்டினார். பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏற்றம். ஆனால் அமெரிக்கா பற்றிய அவருடைய கணக்கு 1932இல் தொடங்கி 1978இல் முடிகிறது. அப்போது யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது? பள்ளிப் படிப்பு, சத்துணவு, சின்னக் குடும்பம் போன்றவற்றைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் பரவிய காலத்தை எடுத்துக்கொண்டால், நார்வேயில் 1975 வாக்கில் பிறந்தவர்களிலிருந்து மதிப்பெண் இறங்குகிறது. அதற்குக் கம்ப்யூட்டர்தான் காரணம் என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆக ஐக்யூவை வைத்து எந்தப் பக்கமும் வாதாட வேண்டாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு லேப்டாப் கொடுத்துவிட்டால் படிப்பு உயர்ந்துவிடாதா?

பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான லேப்டாப்புகள் பள்ளிகளுக்குப் போயின. 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. முன்பு ஏறக்குறைய எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்த இடத்தில், இப்போது தலைக்கு ஒன்றுக்கும் மேல். ஆனால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. பொதுவான யோசிக்கும் திறனைச் சோதித்த சில தேர்வுகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது.

ருமேனியாவில் ஏழைக் குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர் வாங்க 200 யூரோ கூப்பன் கொடுத்தார்கள். அங்கே பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண் குறைந்தது, கம்ப்யூட்டர் கையாளும் திறமை கூடியது. வீட்டுப்பாடத்துக்கும் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் பெற்றோர் கட்டுப்பாடு வைத்த வீடுகளில் பாதிப்பு குறைவாக இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து, பள்ளி முடிந்த பிறகு மாணவர்களுக்குப் பாடம் நடத்திய மையங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 619 மாணவர்கள். நாலரை மாதத்திலேயே கணக்கு, இந்தி இரண்டிலும் நல்ல முன்னேற்றம். அந்த மென்பொருள் செய்த முக்கியமான காரியம், பிள்ளை உண்மையில் எந்த வகுப்பு நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பித்ததுதான். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்றால், மூன்றாம் வகுப்புக் கணக்கே வரும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் எந்த ஆசிரியராலும் இதைச் செய்ய முடியாது. என்னாலும் முடியாது. அங்கே பாதி நேரம் கம்ப்யூட்டர், மீதி நேரம் ஓர் உதவி ஆசிரியரோடு சின்னக் குழுவாகப் படிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்ம ஊரில் அரசு கொடுத்த லேப்டாப்?

தமிழ்நாட்டில் 2011இலிருந்து அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள். மதிப்பெண்ணை மட்டும் வைத்து இந்தத் திட்டத்தை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் அதுவரை கம்ப்யூட்டரே பார்க்காத குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பயம் தெளிந்ததே பெரிய விஷயம்.

என்னிடம் படித்த ஒரு பையன் அந்த லேப்டாப்பில் அப்பாவின் பால் கணக்கைப் போட ஆரம்பித்தான். சொசைட்டியில் ஊற்றிய லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு தவிர்த்த மற்ற திடப்பொருள்), அன்றைக்குக் கிடைத்த விலை என்று தினமும் ஒரு வரி. எந்த மாட்டின் பாலை எந்த நேரம் ஊற்றினால் கொழுப்பு கூடுகிறது என்று இரண்டு மாதத்தில் அவனாகவே சொன்னான். அதே லேப்டாப்பில் படம் மட்டும் பார்த்தவர்களும் உண்டு. ஒரே கருவிதான். முன்னவனிடம் பதில் தேட ஒரு கேள்வி இருந்தது.

கம்ப்யூட்டரால் அறிவு நிஜமாகவே வளர்வதை ஒரு உதாரணத்தில் காட்ட முடியுமா?

முடியும். ப்ளஸ் டூ பிள்ளைகளை வைத்து நான் வழக்கமாகச் செய்வது இதுதான்.

ஐந்து லட்சம் கடன், ஐந்து வருடம். ஒருவர் 'வட்டி வெறும் 7 சதவீதம், பிளாட் ரேட்' என்கிறார். இன்னொருவர் '12 சதவீதம், மீதி அசலுக்கு மட்டும்' என்கிறார். எது மலிவு? கைதூக்கச் சொன்னால் அநேகமாக எல்லாரும் 7 என்பார்கள்.

இஎம்ஐ கணக்கிடும் ஆப் ஒன்றில் எண்களைத் தட்டினால் ஒரே நொடியில் ஏதோ ஒரு தொகை வரும். அதைப் பார்த்து யாரும் எதையும் கற்றதில்லை. அதற்குப் பதிலாக ஸ்ப்ரெட்ஷீட்டில் 60 வரி போடச் சொல்வேன். மாதம், மீதி அசல், வட்டி, தவணை, அசலில் கழிந்தது. 12 சதவீதக் கடனுக்குத் தவணை 11,122 ரூபாய் என்று வைத்து ஆரம்பித்தால், முதல் மாதம் வட்டி 5,000, அசலில் கழிவது 6,122. அடுத்த மாதம் மீதி அசல் 4,93,878, வட்டி 4,939. இப்படியே இறங்கி, கடைசி மாதம் வட்டி 110 ரூபாய்தான். சரி, இப்போது பிளாட் ரேட். ஐந்து லட்சத்துக்கு 7 சதவீதம், ஐந்து வருடம்: வட்டி 1,75,000. மொத்தம் 6,75,000. அறுபதால் வகுத்தால் தவணை 11,250. ஆக, 7 சதவீதக் கடன்தான் மாதம் 128 ரூபாய் அதிகம்!

'எப்படி சார்?' என்ற சத்தம் இந்த இடத்தில் வரும். ஷீட்டையே பார்க்கச் சொல்வேன். பிளாட் ரேட்டில் கடைசி மாதத்திலும் 2,917 ரூபாய் வட்டி போகிறது. அசல் முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்த பிறகும் முழு ஐந்து லட்சத்துக்கே வட்டி. மீதி அசல் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் இந்த 7 என்பது ஏறக்குறைய 12.5 சதவீதம். அதோடு ஒரு பெண் பிள்ளை முப்பதாவது வரியைப் பார்த்துவிட்டு, பாதிக் காலம் கட்டியும் இன்னும் 2,87,000 பாக்கி இருக்கிறதே என்று கேட்டாள். நான் சொல்லித் தராத கேள்வி அது.

கையால் 60 வரி போட ஒரு முழு நாள் ஆகும், யாரும் போட மாட்டார்கள். கம்ப்யூட்டர் அந்தச் சலிப்பை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன சூத்திரம் வரவேண்டும் என்று யோசித்தது பிள்ளைகள். லிக்லைடர் ஆசைப்பட்டது இந்தப் பங்கீட்டைத்தான். ஷீட்டை மூடிய பிறகும் 'பிளாட் ரேட்டா, மீதி அசலுக்கா?' என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் இருக்கும்.

கூகுள் வந்ததிலிருந்து ஞாபக சக்தி போய்விட்டது என்கிறார்களே?

2011இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது. ஒரு தகவல் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும் என்று நம்பினால், தகவலை விட அது இருக்கும் இடத்தையே மனது நினைவில் வைக்கிறது என்றார்கள். அந்த ஆய்வில் இருந்த சோதனைகளில் ஒன்றைப் பிறகு வேறு குழு திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. ஆகவே ஞாபக சக்தி அழிந்துவிட்டது என்று அலற வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது 2015இல் வந்த இன்னொரு ஆய்வு. இணையத்தில் விளக்கம் தேடியவர்களை, தேடலுக்குச் சம்பந்தமே இல்லாத வேறு விஷயங்களை நீங்கள் எவ்வளவு நன்றாக விளக்குவீர்கள் என்று கேட்டார்கள். தேடாதவர்களை விட அவர்கள் தங்களுக்கு அதிகம் தெரியும் என்று மதிப்பிட்டுக்கொண்டார்கள். அதாவது கூகுளில் இருப்பதைத் தன் தலையில் இருப்பதாக நினைத்துக்கொள்வது. தேர்வு அறையில் இதை வருடாவருடம் பார்க்கிறேன். யூடியூபில் தீர்வைப் பார்த்துவிட்டு 'புரிஞ்சிடுச்சு சார்' என்கிற பிள்ளைக்குப் பேனாவை எடுத்ததும் முதல் வரி வராது.

மேப் பார்த்தே போய்க்கொண்டிருந்தால் வழி மறந்துவிடுமா?

லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் நகரின் மையமான சேரிங் கிராஸைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டும். மூளை ஆய்வாளர் எலனார் மகுவயர் குழுவினர் அவர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்ததில், இட நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. படித்துத் தேறியவர்களிடம் அது வளர்ந்தது என்று 2011இல் உறுதிசெய்தார்கள். ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களிடம் இட நினைவு மங்கியதாக 2020இல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. வெளியூரில் மேப் போடுங்கள், தப்பில்லை. தினமும் போகும் ஊரில் எதற்கு?

அந்தக் காலத்தில் மனக்கணக்கில் புலிகள். கால்குலேட்டர்தானே அதைக் கெடுத்தது?

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஒப்பித்த பிள்ளைகளுக்கு முக்கால், அரைக்கால், மாகாணி, முந்திரி வரை வாய்ப்பாடு தெரியும். முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. உண்மையிலேயே மலைக்க வைக்கும் பயிற்சி. ஆனால் அது கால்குலேட்டரால் போகவில்லை. திண்ணைப் பள்ளிகள் முன்பே மறைந்துவிட்டன. 1957இல் ரூபாய்க்கு நூறு பைசா வந்தது, அளவைகளும் தசம முறைக்கு மாறின. அந்தப் பின்னங்களுக்குத் தேவையே போய்விட்டது. பழக்கத்தில் இல்லாத திறமை தங்காது, அவ்வளவுதான். என் வகுப்பில் ஒரே ஒரு விதி: கால்குலேட்டரைத் தொடும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று வாயால் சொல்ல வேண்டும். 48ஐ 21ஆல் பெருக்கினால் ஆயிரத்தை ஒட்டி வரும் என்று தெரிந்தவன், திரையில் 10,080 வந்தால் கண்டுபிடித்துவிடுவான்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ வந்த பிறகு வீட்டுப்பாடமே வேண்டாம் போலிருக்கிறதே?

இப்போது வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண ஏஐ. இன்னொரு பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளை மட்டும் தரும் ஏஐ. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பயிற்சிக் கணக்குகளில் சாதாரண ஏஐ வைத்திருந்தவர்கள் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள், குறிப்பு தரும் ஏஐ வைத்திருந்தவர்கள் 127 சதவீதம் கூடுதலாக. அப்புறம் ஏஐயை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரண ஏஐ பிரிவு, எதுவுமே இல்லாமல் படித்தவர்களை விட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. குறிப்பு தரும் ஏஐ பிரிவில் அந்தச் சரிவு கிட்டத்தட்ட இல்லை.

கவனியுங்கள், இரண்டிலும் பின்னால் இருந்தது ஒரே தொழில்நுட்பம். விடை முதலில் வந்ததா, முயற்சி முதலில் வந்ததா என்பதுதான் வித்தியாசம். இன்னொன்று: குறிப்பு தரும் ஏஐகூட, அது இல்லாமல் படித்தவர்களைத் தேர்வில் தாண்டவைக்கவில்லை. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நான் அதில் நிறைய நம்பிக்கை வைத்திருக்கிறேன்.

அது பிள்ளைகளுக்கு. தேர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆகாதே?

போலந்தில் பெருங்குடல் பரிசோதனை செய்யும் அனுபவமுள்ள மருத்துவர்களை வைத்து 2025இல் ஓர் ஆய்வு வந்தது. ஏஐ உதவி வருவதற்கு முன், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் 100க்கு 28 பேரிடம் பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். ஏஐயோடு சில மாதம் பழகிய பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அது 22 ஆனது. சிறிய ஆய்வு, வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் அனுபவம் இருந்தால் போதும் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

செஸ்ஸில் கம்ப்யூட்டர் ஜெயித்துவிட்டது. ஆனால் நம்ம பிள்ளைகள் முன்னைவிட நன்றாக ஆடுகிறார்களே?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். 1997இல் டீப் ப்ளூ என்ற ஐபிஎம் கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தபோது செஸ் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. தன்னைவிடப் பலசாலியான எதிராளியோடு நினைத்த நேரமெல்லாம் ஆடலாம், எங்கே தப்பு செய்தோம் என்று அந்த நிமிடமே பார்க்கலாம் என்றால் கற்பது வேகமாகாதா? கோ என்ற பழைய கிழக்காசிய ஆட்டத்தில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 2016இல் ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர் நிரல், தென்கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. 1950 முதல் 2021 வரையிலான 58 லட்சம் நகர்த்தல்களைப் பார்த்ததில், பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறாமல் இருந்த மனிதர்களின் ஆட்டத் தரம் அதன் பிறகு உயர்ந்தது. புதிய நகர்த்தல்களை முயன்று பார்ப்பதும் கூடியது.

சென்னை குகேஷ் கதையையும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனவர். அவரைச் சிறு வயதில் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் நிலைவரை அவரைச் செஸ் எஞ்சின் (நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்) இல்லாமலேயே வளர்த்தார். நிலையைப் பார்த்து, மனதுக்குள் கணக்குப் போட்டு, தானே முடிவெடுக்க வேண்டும். எஞ்சின் அதற்குப் பிறகுதான் வந்தது. எஞ்சினோடு வளர்ந்து பெரிய ஆட்டக்காரர் ஆனவர்களும் உண்டு, எனவே இதை எல்லாருக்குமான சட்டம் என்று சொல்லவில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பயிற்சி மையங்களில், ஆட்டம் முடிந்த கையோடு போனில் எஞ்சினைத் திறக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, 'முதலில் நீயே சொல்லு, எங்கே தப்பு?' என்று கேட்கத் தோன்றுகிறது.

அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர், ஸ்மார்ட்போன் பழகினால் மூளைக்கு நல்லதா?

நல்ல அறிகுறிகள் உண்டு. 50 வயதைத் தாண்டிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 57 ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் பார்த்தபோது, இவற்றைப் பயன்படுத்துபவர்களிடம் அறிவுத்திறன் குறைபாடு குறைவாகவே இருந்தது. மூளை தெளிவாக இருப்பவர்களே இவற்றை எடுத்துப் பழகுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர் போனை வாங்கி நீங்களே எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிடாதீர்கள், அவரே தட்டட்டும்.

எந்த வகுப்பில் கம்ப்யூட்டர் வாங்கித் தரலாம்?

வகுப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பிள்ளை அதில் என்ன செய்யப் போகிறது என்று கேளுங்கள். 'ஸ்கிராட்ச்சில் (பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகும் மென்பொருள்) ஒரு கேம் செய்யணும்', 'கடைக் கணக்குப் போடணும்' என்று ஏதாவது ஒன்று சொன்னால் ஆறாம் வகுப்பிலேயே வாங்கலாம். புதிது வேண்டியதில்லை, பழைய லேப்டாப்பே போதும். ஹாலில், எல்லாரும் நடமாடும் இடத்தில் வையுங்கள். ஏஐயைப் பயன்படுத்தினால், கேட்பதற்கு முன் தான் எழுதிப் பார்த்த தாளையும் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். தாளில் இருப்பது தப்பாக இருந்தால் திட்டாதீர்கள். தாள் வெறுமையாக இருந்தால் மட்டும் லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள்.